காரின் பேட்டரியை டிக்கிக்கு மாற்றுவது எப்படி? முதன்முறை செய்பவர்களுக்கான செய்முறை

பேட்டரியைக் கழற்றி டிக்கியில் வைப்பது சிறிய வேலை. அங்கிருந்து செல்ஃப் மோட்டார் வரை காரின் முழு நீளத்துக்கும் ஓடப்போகிற பிளஸ் கேபிளைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பதுதான் பெரிய வேலை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய ஹோண்டா சிட்டி, லான்சர், ஸ்விஃப்ட் வைத்துக்கொண்டு அதை ஸ்போர்ட்ஸ் காராக மாற்றியமைக்கும் தம்பிகள் என்னிடம் எப்போதும் எந்தப் பேட்டரி வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். எந்தக் கேபிள், அதை எந்த வழியாக இழுப்பது, ஃபியூஸ் எங்கே என்று கேட்பவர்கள் குறைவு. அதனால் இந்தக் கட்டுரையில் கேபிளுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில், இது உங்களுக்குத் தேவையா?

பெரிய ஏர் இன்டேக் குழாயோ டர்போவோ பொருத்த பானட்டுக்குள் இடம் வேண்டும் என்றால் தேவை. எடைப் பகிர்வுக்காக என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 கிலோ பேட்டரியை 3 மீட்டர் பின்னால் நகர்த்துகிறீர்கள். இரண்டு அச்சுகளுக்கும் இடைப்பட்ட தூரம் 2.5 மீட்டர். 12 × 3 ÷ 2.5 என்றால் முன்சக்கரங்களிலிருந்து ஏறத்தாழ 14 கிலோ குறைந்து பின்சக்கரங்களுக்குப் போகிறது. ஆயிரம் கிலோ காரில் முன்பாரம் 600 கிலோவாக இருந்தால் அது 586 ஆகும். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற பந்தயத் தடத்தில் வளைவுகளில் இது உணரத்தக்க மாற்றம். திருச்சி நெடுஞ்சாலையில் தினமும் போய்வருகிற காருக்கு இதற்காக மட்டும் இவ்வளவு வேலை செய்ய வேண்டாம் என்பது என் கருத்து.

இது ஒன்றும் விபரீதமான மாற்றம் அல்ல. 1989-இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 காரிலும் பல பிஎம்டபிள்யூ கார்களிலும் தொழிற்சாலையிலேயே பேட்டரியை டிக்கியில்தான் வைத்தார்கள். வாயு வெளியேற வழி, உறுதியான பிடிப்பு, பாதுகாப்பான கேபிள் பாதை எல்லாவற்றையும் யோசித்துச் செய்தார்கள். நாமும் அந்த அளவுக்குச் செய்ய வேண்டும்.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அசல் நிலையிலிருந்து வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. சாலையில் ஓடும் கார் என்றால் வேலை தொடங்கும் முன் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்து மூலம் தெரிவித்துப் பதில் வாங்கிக்கொள்வது நல்லது.

பேட்டரி

காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1953-இல் திறக்கப்பட்ட சிக்ரி இருக்கிறது. மின்வேதியியலுக்கென்றே ஒரு தேசிய ஆய்வகம் உள்ள ஊரில் இருந்துகொண்டு பேட்டரிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் கைவைப்பது அழகல்ல. தண்ணீர் ஊற்றுகிற சாதாரண லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளிவருகின்றன. காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதத்தை எட்டினாலே ஒரு பொறி போதும், தீப்பிடிக்கும். பானட்டுக்குள் காற்றோட்டம் இருப்பதால் அது கலைந்து போய்விடுகிறது. மே மாத வெயிலில் மூடிக் கிடக்கும் டிக்கியில் அப்படிக் கலையாது.

ஆகவே ஏஜிஎம் வகைப் பேட்டரியை வாங்குங்கள். அமிலம் கண்ணாடியிழைப் பாயில் ஊறியிருப்பதால் சாய்ந்தாலும் கொட்டாது. ஆனால் அதிலும் வால்வு உண்டு, சார்ஜ் அதிகமானால் அதுவும் வாயுவை வெளியேற்றும். காற்றுக் குழாய் பொருத்தும் துவாரம் உள்ளதாகப் பார்த்து வாங்கி, அந்தக் குழாயைத் தரைத் தகட்டில் துளையிட்டு வெளியே விடுங்கள். ஸ்விஃப்ட் போன்ற ஹேட்ச்பேக்கில் டிக்கியும் பயணிகள் அமரும் இடமும் ஒன்றுதான். அதனால் மூடியுள்ள பேட்டரிப் பெட்டி கட்டாயம்.

டிக்கியை மின்சாரத்தால் மட்டும் திறக்கிற கார் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். பேட்டரி இறங்கிவிட்டால் டிக்கி திறக்காது, டிக்கி திறக்காவிட்டால் பேட்டரியைத் தொட முடியாது. சாவியாலோ உள்ளே உள்ள கம்பியாலோ திறக்க வழி இருக்கிறதா என்று முதலிலேயே சோதித்துவிடுங்கள்.

கேபிள்

தடிமனைக் கணக்குப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சிறிய பெட்ரோல் இன்ஜினைச் சுழற்ற செல்ஃப் மோட்டார் 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். 5 மீட்டர் நீளச் செம்புக் கேபிளில் 200 ஆம்பியர் ஓடும்போது, செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு 16 ஸ்கொயர் எம்.எம். என்றால் சுமார் 1.1 வோல்ட் வழியிலேயே போய்விடும். 25 என்றால் 0.7 வோல்ட், 35 என்றால் 0.5, 50 என்றால் 0.35 வோல்ட் அளவுதான். நான் 50-க்குக் கீழே இறங்குவதில்லை. 5 மீட்டருக்குச் செம்பு மட்டும் இரண்டேகால் கிலோ ஏறும் என்பது உண்மைதான், ஆனால் காலையில் ஒரே சாவித் திருப்பலில் இன்ஜின் உயிர்பெற அந்த எடை தேவை.

வெல்டிங் கேபிள் நல்ல தேர்வு. மயிரிழை போன்ற மெல்லிய கம்பிகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் வளைத்து இழுப்பது எளிது. வாங்கும்போது முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். சுரண்டிய இடத்தில் வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியமாக இருக்கலாம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். நல்ல செம்பிலும் மேலே வெள்ளீயம் பூசியிருப்பார்கள், ஆனால் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியும்.

நீளத்தை மனக்கணக்காகச் சொல்லி வாங்காதீர்கள். ஒரு சணல் கயிற்றை எடுத்து, கேபிள் போகப்போகிற அதே வழியில் வளைவு நெளிவெல்லாம் சேர்த்து ஓடவிட்டு, அதை அளந்து, அரை மீட்டர் கூட்டி வாங்குங்கள். நடுவில் ஒட்டுப்போட்ட கேபிள் கூடவே கூடாது.

பிற பொருள்கள்: கேபிளுக்கேற்ற செம்பு லக்குகள் (கேபிளைப் போல்ட்டில் மாட்ட அதன் முனையில் பொருத்துபவை), உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடுபட்டால் சுருங்கி லக்கின் கழுத்தை மூடும் உறை), 200 அல்லது 250 ஆம்பியர் மெகா ஃபியூஸும் மூடியுள்ள அதன் ஹோல்டரும், ரப்பர் குரோமெட்டுகள் (தகட்டுத் துளையின் விளிம்பு கேபிளைக் கிழிக்காமல் காக்கும் வளையங்கள்), நெளிவுக் குழாய், கிளிப்புகள், முன்புறத்துக்கு மூடியுள்ள ஒரு இணைப்புப் போல்ட், மல்டிமீட்டர்.

படி 1: கழற்றுதல்

கை மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். சாவியை எடுத்துவிட்டு, முதலில் மைனஸ், பிறகு பிளஸ். இந்த வரிசை மாறக் கூடாது. பிளஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் பேட்டரி ஷார்ட் ஆகும். ஏர்பேக் உள்ள காரில் மைனஸைக் கழற்றிய பின் சில நிமிடங்கள் காத்திருங்கள். பழைய பிளஸ் டெர்மினலில் எத்தனை வயர்கள் சேர்ந்திருக்கின்றன, எது ஃபியூஸ் பாக்ஸுக்கு, எது செல்ஃப் மோட்டாருக்கு என்று படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பேட்டரிக்கு இருக்கை

மோதலில் 20 மடங்கு விசை வந்தால் 12 கிலோ பேட்டரி 240 கிலோ பாரத்தோடு முன்னே பாயும். பிளாஸ்டிக் டை, ரப்பர் பெல்ட் எதுவும் அப்போது தாங்காது. உலக மோட்டார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் பந்தயக் கார் விதிகள் இதற்குத் தெளிவான அளவே சொல்கின்றன: உலோக இருக்கை, மின்காப்பிட்ட இரண்டு உலோகப் பட்டைகள், குறைந்தது 10 மி.மீ. போல்ட்டுகள், தகட்டுக்கு அடியில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் 3 மி.மீ. கனமும் 20 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள தாங்கு தகடு. பந்தயத்துக்குப் போகாவிட்டாலும் இதையே பின்பற்றுங்கள். ஊரில் கேட், கிரில் செய்கிற எந்த வெல்டிங் பட்டறையிலும் இதைச் செய்து தருவார்கள்.

துளையிடும் முன் காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய், எரிபொருள் குழாய் எங்கே இருக்கின்றன என்று கண்ணால் பார்க்காமல் டிரில்லைத் தொடாதீர்கள். துளையின் விளிம்புகளுக்குப் பிரைமரும் பெயின்டும் அடியுங்கள். அடிப்பக்கம் முழுக்கச் செம்மண் புழுதி அப்பியிருக்கும் நம் பகுதி வண்டிகளில், வெறும் தகடு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

படி 3: கேபிளை இழுத்தல்

பெட்ரோல் குழாய்க்கு என்ன மரியாதை கொடுப்பீர்களோ அதே மரியாதையை இந்தக் கேபிளுக்கும் கொடுங்கள். காரின் உள்ளே, கதவின் கீழ்விளிம்பு ஓரமாக, கார்ப்பெட்டுக்கு அடியில் கொண்டுபோவது நல்ல வழி. எரிபொருள் குழாய் ஓடும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். மஞ்சள் கனெக்டர்கள் ஏர்பேக்குக்கு உரியவை, அவற்றிலிருந்து விலகியிருங்கள். முழு நீளத்துக்கும் நெளிவுக் குழாய் போட்டு, ஓரடிக்கு ஒரு கிளிப் வைத்துப் பிடியுங்கள். தகட்டைத் துளைத்துச் செல்லும் ஒவ்வோர் இடத்திலும் குரோமெட் இருக்க வேண்டும்.

வேறொரு இடத்தில் மாற்றியமைத்த ஒரு கார் என் பார்வைக்கு வந்தது. கேபிள் சீட்டுத் தண்டவாளத்தை ஒட்டிப் போயிருந்தது. சீட்டை முன்னும் பின்னும் தள்ளத் தள்ள ரப்பர் தேய்ந்து, நகக்கண் அளவுக்குச் செம்பு பளிச்சென்று வெளியே தெரிந்தது. அதன் மறுமுனையில் ஃபியூஸ் இல்லை. தண்டவாளத்தில் செம்பு பட்டிருந்தால் பேட்டரியில் உள்ள அத்தனை மின்சாரமும் அந்த ஒரு புள்ளியில் இறங்கியிருக்கும். கார்ப்பெட் எரியத் தொடங்கும்போது ஓட்டுநர் அதன் மேல்தான் உட்கார்ந்திருப்பார்.

ஃபியூஸைப் பேட்டரி பிளஸிலிருந்து ஒரு சாணுக்குள் வையுங்கள். ஃபியூஸ் முன்புறம் இருந்தால் கேபிளின் முழு நீளமும் காவலின்றிக் கிடக்கும். கேபிளைக் காப்பாற்றத்தான் ஃபியூஸ், ஆகவே அதன் அளவு கேபிளின் தாங்குதிறனைத் தாண்டக் கூடாது. இப்போது ஹோல்டரை மட்டும் பொருத்துங்கள். ஃபியூஸைக் கடைசியில்தான் போடப்போகிறோம்.

பானட்டுக்குள் வந்ததும், சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து விலக்கி, இணைப்புப் போல்ட்டில் கேபிளை முடியுங்கள். பழைய பிளஸ் டெர்மினலில் இருந்த வயர்கள் எல்லாம் இந்தப் போல்ட்டுக்கு வரும். பின்னாளில் ஜம்ப் ஸ்டார்ட் செய்யவும் இதுவே உதவும்.

லக்குகளை ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவியால் அறுகோணமாக நசுக்க வேண்டும். சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கிய லக் பார்வைக்கு இறுகியிருக்கும், உள்ளே காற்று இருக்கும், சூடேறும். கருவி இல்லையென்றால் ஜெனரேட்டர் வேலை செய்யும் எலெக்ட்ரீஷியனிடம் கேபிளைக் கொண்டுபோய்க் கிரிம்ப் செய்து வாங்குங்கள்.

படி 4: எர்த்

பிளஸில் இவ்வளவு பாடுபட்டுவிட்டு எர்த்தில் கோட்டை விடுபவர்கள் பலர். மின்சாரம் போவதற்கு எவ்வளவு நல்ல வழி வேண்டுமோ, திரும்பி வருவதற்கும் அவ்வளவு நல்ல வழி வேண்டும். பேட்டரி மைனஸிலிருந்து அதே 50 ஸ்கொயர் எம்.எம். கேபிளை முடிந்தவரை குட்டையாக வெட்டி, தடிமனான சட்டத் தகட்டில் இறுக்குங்கள். அந்த இடத்தில் பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து, லக்கின் அகலத்துக்கு உலோகம் கண்ணாடிபோல் மின்ன வேண்டும். இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசி மூடுங்கள். சீட் பெல்ட் போல்ட்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

முன்புறத்தில் இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையையும் தடிமனாக மாற்றுங்கள். செல்ஃப் மோட்டாரின் மின்சாரம் இன்ஜின் உடலிலிருந்து பாடிக்கு அந்த வழியாகத்தான் வரும்.

கட் ஆஃப் சுவிட்ச்

ஆபத்து நேரத்தில் காரின் மின்சாரத்தை ஒரேயடியாகத் துண்டிக்கும் சுவிட்ச் இது. பந்தயத்துக்குப் போகும் காருக்கு இது வேண்டும். நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் ஸ்டிக்கர் இதற்கான அடையாளம். ஆனால் பேட்டரியை மட்டும் துண்டிக்கிற இரண்டு முனைச் சுவிட்ச் ஓடும் இன்ஜினை நிறுத்தாது, இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் தொடர்ந்து மின்சாரம் கொடுக்கும். ஓட்டத்தில் பேட்டரி விலகினால் வோல்டேஜ் எகிறி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவைப் பழுதாக்கவும் கூடும். இக்னிஷனையும் சேர்த்துத் துண்டிக்கிற, ரெசிஸ்டர் உள்ள ஆறுமுனைச் சுவிட்ச்தான் சரி. இதை மட்டும் அனுபவமுள்ள ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

படி 5: மின்சாரம் விடுமுன்

பேட்டரி, இணைப்புப் போல்ட் இரண்டு முனைகளிலும் பிளஸ் கேபிளை விலக்கிவைத்து, மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, கேபிளுக்கும் பாடிக்கும் இடையே அளந்து பாருங்கள். மீட்டர் ஓப்பன் என்று காட்ட வேண்டும். ஏதாவது எண் வந்தால் கேபிள் எங்கோ பாடியைத் தொடுகிறது, கண்டுபிடிக்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. சரியாக இருந்தால் முனைகளை இணையுங்கள்: முதலில் பிளஸ், பிறகு மைனஸ், கடைசியாக ஃபியூஸ்.

இனி அளவுகள். ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டால் இன்ஜின் பற்றாமல் சுழலும். அப்போது ஒருவர் சாவியைத் திருப்ப, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸிலும் மறுமுனையைச் செல்ஃப் மோட்டார் பிளஸிலும் வையுங்கள். மீட்டர் வயர் நீளம் போதாவிட்டால் ஒரு மெல்லிய வயரைச் சேர்த்துக்கொள்ளலாம். 0.5 வோல்ட்டுக்குள் வந்தால் நல்லது. அதேபோல் பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே 0.3-க்குள் இருக்க வேண்டும். கூடுதலாக வந்தால் லக்கையும் எர்த் இடத்தையும் மறுபடி பாருங்கள். பம்ப் ஃபியூஸைத் திரும்பப் போட்டு இன்ஜினை ஓடவிட்டால் பேட்டரியில் 13.8 முதல் 14.5 வரை காட்டும்.

பிறகு காரைக்குடியிலிருந்து பள்ளத்தூர் வரை ஓட்டிப்போய்த் திரும்புங்கள். வந்ததும் இன்ஜினை நிறுத்தி, ஒவ்வொரு லக்கையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது, மைனஸைக் கழற்றிவிட்டு அதை மீண்டும் செய்யுங்கள். ஒரு வாரம் கழித்துப் பேட்டரியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். பழைய பேட்டரியைக் காயலான் கடையில் போடாமல் புதியது வாங்கிய கடையிலேயே கொடுங்கள். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது, விலையிலும் உங்களுக்குக் கொஞ்சம் கழித்துக் கொடுப்பார்கள்.