டிஸ்னிலேண்ட் பேய் பங்களா ரைடுல எதையெல்லாம் கவனிக்கணும்

கலிஃபோர்னியா டிஸ்னிலேண்ட் போறவங்க ஹான்டட் மேன்ஷன் ரைடுல பயந்து கண்ண மூடிடாதீங்க, அவ்வளவு வேலைப்பாடு இருக்கு. ஆரம்பத்துல ரூம் மேல நீளுற மாதிரி தெரியும்ல, அது லிஃப்ட், நம்மள கீழ இறக்குது (ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டுல இருக்கற இதே ரைடுல சீலிங் தான் மேல போகும்).

அப்புறம் நம்மளையே திரும்பி பாக்குற சிலைங்க, அது உள்பக்கமா குழிவா செஞ்ச முகம், லைட்டால வெளிய துருத்திட்டு இருக்கற மாதிரி கண்ணு ஏமாறுது.

என்னைக் கேட்டா பால்ரூம் (பேய்ங்க ஜோடியா ஆடுற ஹால்) தான் பெஸ்ட்! முன்னாடி ஜன்னல் மாதிரி அந்தப் பக்கம் தெரியுற பெரிய கண்ணாடி, பேய் பொம்மைங்க நமக்கு மேலயும் கீழயும் மறைஞ்சு இருக்கும், அதுங்க மேல லைட் விழும்போது கண்ணாடில பிம்பம் தெரியுது, 1860-கள்ல லண்டன் மேடைகள்ல பிரபலமான டெக்னிக் இது. ஆடுற ஜோடிங்கள நல்லா பாருங்க, பிம்பம் இடம் வலம் மாறுறதால ஆம்பளைங்களுக்கு பதிலா பொண்ணுங்க தான் லீட் பண்ற மாதிரி இருக்கும்.

மியூசிக்கும் கேளுங்க, நுழையும்போது சோகமா இழுக்கிற அதே டியூன் தான் கல்லறை சீன்ல குதூகலமா வருது.

ஃப்ளாஷ் போடாதீங்க ப்ளீஸ், எல்லாருக்கும் எஃபெக்ட் கெட்டுடும். வருஷக் கடைசில அலங்காரம், மியூசிக் எல்லாம் மாத்திடுவாங்க, ஒரிஜினல் பாக்கணும்னா பிப்ரவரிக்கு மேல போங்க.