பைசாந்திய மருந்துக் குறிப்பைப் படிக்கும் முறை

கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசின், அதாவது பைசாந்தியத்தின், கிரேக்க மருத்துவ ஏடுகளில் ஒரு மருந்துக் குறிப்பு பெரும்பாலும் சில வரிகளில் முடிந்துவிடும். மூலிகையின் பெயர், அதன் எடை, இடிக்கவோ காய்ச்சவோ சொல்லும் ஒரு வினைச்சொல் ஆகியவற்றுக்கு மேல் அதில் அதிகம் இராது. புதிதாகப் படிப்பவர் அகராதியைப் பார்த்து, அந்தப் பெயருக்கு இன்றைய தாவரவியல் பெயரை இட்டு நிரப்பிவிடுகிறார். பிழை அங்கேதான் தொடங்குகிறது. ஒரே ஒரு மூலிகையை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திரல்லெஸ் நகரத்து மருத்துவர் அலெக்சாந்தர், கான்ஸ்டான்டிநோபிளின் ஹாகியா சோபியா பேராலயத்தைக் கட்டிய அந்தீமியசின் உடன்பிறந்தவர். கால் பெருவிரல் வீங்கித் துடிக்கவைக்கும் கீல்வாதத்துக்கு அவர் 'ஹெர்மோடாக்டிலோஸ்', அதாவது ஹெர்மெஸ் தேவனின் விரல், என்னும் கிழங்கைக் கொடுத்தார். இந்தப் பெயரை 1ஆம் நூற்றாண்டில் மூலிகை நூல் எழுதிய கிரேக்க மருத்துவர் தியோஸ்கொரிதீசிடம் தேடினால் கிடைக்காது. அவர் 'கோல்கிகோன்' என்ற கிழங்கைத்தான் விவரிக்கிறார். அதுவும் மருந்தாக அன்று, உண்ணத்தக்க கிழங்கென்று மயங்கி யாரும் தின்றுவிடக் கூடாத நஞ்சாக. இரண்டும் கோல்கிகம் என்னும் தாவரப் பேரினத்தைச் சேர்ந்தவை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆகவே முதல் வேலை, ஒரு பெயர் எந்த நூற்றாண்டில், எந்த ஆசிரியரிடம், எந்தப் பயனுக்காக வருகிறது என்று தனித்தனியே குறித்துக்கொள்வதாகும்.

அடுத்து, படங்களைப் பார்க்க வேண்டும். கான்ஸ்டான்டிநோபிளில் ஏறத்தாழ 512இல் இளவரசி அனிசியா யூலியானாவுக்காக எழுதப்பட்ட தியோஸ்கொரிதீஸ் நூலின் கையெழுத்துப் படி, இன்று வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதில் 380க்கும் மேற்பட்ட செடிகளின் ஓவியங்கள் உள்ளன. பிற்காலத்தில் அதைக் கையாண்டவர்கள் ஓரங்களில் அரபியிலும் எபிரேயத்திலும் செடிகளின் பெயர்களை எழுதிவைத்திருப்பதால், ஓவியம் தெளிவாக இல்லாத இடத்தில் அந்த ஓரக்குறிப்பே கைகொடுக்கும்.

மூலிகையோடு சேர்ந்து வரும் சரக்குகளையும் விட்டுவிடக் கூடாது. ஹெர்மோடாக்டிலோஸ் வலியைத் தணித்தாலும் வயிற்றைக் கெடுக்கும் என்பதை அலெக்சாந்தர் அறிந்திருந்தார். சீரகமும் இஞ்சியும் அதனோடு சேர்வது அதற்காகவே. இந்தக் கிழங்கிலுள்ள கோல்சிசின் என்னும் வேதிப்பொருள் இன்றும் அதே நோய்க்கான மருந்து. நம் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருப்பதும் அதுவே. மருந்தளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியதாகையால், பழைய குறிப்பைப் பார்த்து எவரும் இதை வீட்டில் செய்து பார்க்கலாகாது. சில குறிப்புகளில் மிளகும் வரும். அதே நூற்றாண்டில் அலெக்சாந்திரியா வணிகர் கோஸ்மாஸ், மிளகு விளையும் நாடாக 'மலே'யை, அதாவது மலபார்க் கரையை, குறிப்பிட்டிருப்பதைப் படிக்கும்போது, சேரநாட்டு மலைச்சரக்கு அந்த மருத்துவர்களின் கைக்கு எட்டிய வழி கண்முன் விரிகிறது.

எடைகளில்தான் மிகுந்த பொறுமை வேண்டும். ஒரு லித்ரா ஏறத்தாழ 320 கிராம். அதில் 12 அவுன்சும், ஓர் அவுன்சில் 8 திராக்மாவும், ஒரு திராக்மாவில் 3 கிராம்மாவும் அடங்கும். கிராம்மா என்ற பெயரைக் கண்டு இன்றைய கிராம் என்று கொள்ளக் கூடாது. அது சற்றே கூடுதல். எண்களும் கிரேக்க எழுத்துகளாலேயே எழுதப்பட்டன. ஆல்பா 1, டெல்டா 4, லாம்டா 30. பேரெழுத்தில் இவை மூன்றும் ஏறக்குறைய முக்கோண வடிவாக இருப்பதால், கோடு ஒன்று மங்கினாலே அளவு பல மடங்கு மாறிவிடும். குறைந்தது இரண்டு கையெழுத்துப் படிகளையாவது ஒப்பிடாமல் எந்த அளவையும் நம்ப வேண்டாம்.

கடைசியாக, ஒரு படியில் ஒரு மூலிகையும் மற்றொன்றில் வேறொன்றும் இருந்தால் அதை எழுத்தரின் பிழை என்று உடனே தள்ளிவிடாதீர்கள். சரக்கு கிடைக்காதபோது எதற்கு மாற்றாக எதை இடலாம் என்ற பட்டியல்கள் அன்று புழக்கத்தில் இருந்தன. 7ஆம் நூற்றாண்டு மருத்துவர் எஜினா பவுலின் மருத்துவத் தொகுப்பின் ஏழாம் நூலிலும் ஒன்று இருக்கிறது. முதலில் அதில் அந்த இணை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நீங்கள் காண்பது பெரும்பாலும் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு மருந்து கூட்டிய ஒருவரின் தேர்வு; அதை அப்படியே பதிவு செய்யுங்கள்.