கற்றல் தளத்தை ஆசிரியர்கள் தொடவில்லையா? பழியை அவர்கள் மேல் போடுமுன்

பள்ளிக்குப் புதிதாக ஓர் இணையவழிக் கற்றல் தளம் வருகிறது. கொஞ்ச நாளில் தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. "வயசாயிடுச்சு, கம்ப்யூட்டர் வராது" என்று நிர்வாகம் முடிவு கட்டிவிடும். இது அவசர முடிவு. அதே ஆசிரியர்கள் போனில் பணம் அனுப்புகிறார்கள், வீடியோ காலில் பேரனைக் கொஞ்சுகிறார்கள்.

ஒரு கருவியை மனிதர்கள் ஏன் ஏற்கிறார்கள் என்பதை தகவல் தொழில்நுட்ப ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் 1989-ல் ஆராய்ந்தார். இரண்டு கேள்விகள்தான். என் வேலைக்கு இதனால் பயன் உண்டா? கையாள எளிதா? முதல் கேள்விக்கே கனம் அதிகம் என்று அவர் கண்டார். பயிற்சி வகுப்புகளோ இரண்டாவதிலேயே நின்றுவிடுகின்றன: இந்த பட்டனை அழுத்துங்கள், அப்புறம் இங்கே அப்லோடு செய்யுங்கள். பின்னக் கணக்கில் முழிக்கும் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு இது எப்படி உதவும் என்று யாரும் காட்டுவதில்லை.

பெரிய வகுப்புக்குச் சரிப்பட்டது சின்ன வகுப்புக்கும் சரிப்படும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு என்பேன். ஒன்றாம் வகுப்பில் முப்பது பிள்ளைகள் பாஸ்வேர்டு அடிப்பதைப் பாருங்கள். எழுத்துகளே இப்போதுதான் அறிமுகம். ஒருவனுக்குப் பெரிய எழுத்து விழவில்லை, ஒருத்தி தெரியாமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டாள், மூன்றாமவன் பக்கத்துப் பையன் கணக்கில் இருக்கிறான். டீச்சர் மேசை மேசையாக ஓடி முடிப்பதற்குள் பாதிப் பாடவேளை காலி. அடுத்த வாரம் அவர் கரும்பலகைக்குத் திரும்பினால் அதைப் பழமைவாதம் என்பதா? கியூஆர் கோடோ படம் தொட்டு நுழையும் வசதியோ உள்ள தளத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்தப் பாடு இருந்திருக்காது.

இரட்டை வேலையும் வெறுப்பை வளர்க்கும். மதிப்பெண்ணைத் தளத்திலும் ஏற்றி, பதிவேட்டிலும் எழுதச் சொன்னால் யாருக்குத்தான் ஆசை வரும்? ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதைக் கேளுங்கள்.

லாகின் எண்ணிக்கையை வைத்து மகிழ்வதும் வேண்டாம். கட்டாயம் என்றால் காலையில் திறந்து மூடுவார்கள், அவ்வளவுதான்.

2020 கொரோனா கால ஆன்லைன் வகுப்பு அனுபவத்தை அளவுகோலாக்குவதும் பிசகு. யுனெஸ்கோ கணக்குப்படி உச்சத்தில் சுமார் 160 கோடி மாணவர்கள் பள்ளிக்குப் போக முடியாமல் இருந்த நெருக்கடி அது. தயாரிப்பில்லாமல் ஒரே இரவில் திரைக்கு முன் உட்கார வைக்கப்பட்டவர்களின் கசப்பு, நிதானமாகத் திட்டமிட்ட தளத்துக்குப் பொருந்தாது.

சரி, மனநிலையை எப்படி அறிவது? பெயர் எழுதித் தலைமையாசிரியர் கையில் கொடுக்கும் படிவம் என்றால் எல்லாரும் 'மிகவும் பயனுள்ளது' என்றுதான் டிக் அடிப்பார்கள். பெயரில்லாமல் கேளுங்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள். போன வாரம் எந்தப் பாடத்துக்குத் திறந்தீர்கள், எந்த இடத்தில் வேண்டாம் என்று மூடினீர்கள் என்று கேளுங்கள்.