எலி குண்டாகறதுக்கு எந்த ஜீன் காரணம்? க்யூடிஎல் மேப்பிங் பண்றது எப்படி

ஓபி எலி பத்தி படிச்சிருப்பீங்க. 1949ல அமெரிக்கால ஜாக்சன் லேப்ல தற்செயலா கெடச்ச குண்டு எலி, 1994ல ஃப்ரீட்மேன் டீம் அந்த ஜீனைப் பிடிச்சாங்க, லெப்டின்ங்கற பசியடக்கற ஹார்மோன் வெளிய வந்துது. ஆனா அது ஒத்த ஜீன் கெட்டுப்போன கேஸ். சாதாரண எலிங்க ஒண்ணு ஒல்லியாவும் ஒண்ணு பருமனாவும் இருக்குன்னா பல ஜீன் ஆளுக்குக் கொஞ்சம்னு வேலை செய்யுது, அதெல்லாம் எந்த க்ரோமோசோம்ல எந்தப் பக்கம் இருக்குன்னு தேடறதுதான் க்யூடிஎல் மேப்பிங். எடை மாதிரி ஒரு அளவைக் கொஞ்சம் ஏத்தி எறக்கற க்ரோமோசோம் இடத்துக்குப் பேர்தான் க்யூடிஎல்.

முதல்ல ரெண்டு இன்ப்ரெட் ஸ்ட்ரெயின் (நெருங்கின சொந்தத்துக்குள்ளயே பல தலைமுறை சேர்த்து, எல்லா எலியும் ஜீன்ல ஒரே மாதிரி ஆன வம்சம்) எடுங்க. நல்ல உதாரணம் எல்ஜி/ஜே, எஸ்எம்/ஜே. ஒண்ணு 60 நாள் எடை ஜாஸ்தியா வரணும்னும் இன்னொண்ணு கம்மியா வரணும்னும் தனித்தனியா தேர்ந்தெடுத்து வளர்த்தது. ரெண்டையும் க்ராஸ் பண்ணா வர்ற முதல் தலைமுறை, அதாவது எஃப்1, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், அதுங்களை தங்களுக்குள்ளயே க்ராஸ் பண்ணுங்க, அடுத்த தலைமுறையான எஃப்2ல தான் ஒவ்வொரு எலியும் ஒரு தினுசா வரும். எத்தனை எலி வேணும்? செவெருட் டீம் 1996ல 535 எலி வெச்சு பண்ணாங்க. நூறு எலியோட நிறுத்தினா சின்ன எஃபெக்ட்டெல்லாம் கண்ணுல படாது, பட்ட ஒண்ணு ரெண்டும் நிஜத்தை விடப் பெருசா தெரியும்.

அடுத்தது அளவெடுக்கறது, என்னைக் கேட்டா மொத்த ப்ராஜெக்ட்டும் இங்கதான் ஜெயிக்கும் இல்ல கவிழும். தராசுல வர்ற நம்பர்ல எலும்பு, தசை, கொழுப்பு எல்லாம் கலந்து கெடக்கு, அதனால வாராவாரம் அதே நேரத்துக்கு எடை போடறதோட உடம்பு நீளம் எடுங்க, டெக்ஸா ஸ்கேன் (எக்ஸ்ரே வெச்சு உடம்புக் கொழுப்பை அளக்கறது) இருந்தா கொழுப்பைத் தனியா எடுங்க, கடைசில இனப்பெருக்க உறுப்புகிட்ட, தொடை மடிப்புல, கிட்னிக்குப் பின்னாடி இருக்கற கொழுப்பை தனித்தனியா நிறுத்துப் பாருங்க. வாராவாரம் எதுக்குன்னா, குட்டியா இருக்கறப்ப வளர்ச்சியை இழுக்கற இடங்களும் வயசானப்புறம் இழுக்கற இடங்களும் பெரும்பாலும் வேற வேற. ஒரே ஈத்துல எத்தனை குட்டி, தாய் எது, எந்தக் கூண்டு, ஆணா பொண்ணா எல்லாத்தையும் எழுதி வைங்க. குட்டி கம்மியா இருந்தா பால் ஜாஸ்தி கெடச்சு கொழுகொழுன்னு வளரும், அதை ஜீன்னு நெனச்சுடாதீங்க. தீனியும் முக்கியம், கொழுப்பு ஜாஸ்தி தீனி போட்டா சி57பிஎல்/6ஜே ஊதிடும், ஏ/ஜே அவ்ளோ ஊதாது. (எதிக்ஸ் கமிட்டி அனுமதி இல்லாம ஒரு எலியைக் கூட தொடாதீங்க.)

ஜீனோடைப்பிங், அதாவது ஒவ்வொரு எலிக்கும் எந்த இடத்துல எந்த ஸ்ட்ரெயினோட டிஎன்ஏ வந்திருக்குன்னு பாக்கறது, இப்ப ஈஸி. வால் நுனியோ காதுத் துண்டோ எடுத்து டிஎன்ஏ பிரிச்சு எஸ்என்பி சிப்ல (டிஎன்ஏல ஒத்த எழுத்து மாறற இடங்களைப் படிக்கறது) போடலாம். எஃப்2க்கு லட்சக்கணக்குல மார்க்கர் (டிஎன்ஏல அடையாளம் பாக்கற இடம்) வாங்கி காசைக் கொட்டாதீங்க, ஒரு க்ரோமோசோம்ல ஒண்ணு ரெண்டு இடத்துலதான் ஜோடி க்ரோமோசோமோட துண்டு மாத்திக்குது, பரவலா இருந்தா சில நூறே போதும். டேட்டா வந்ததும் எக்ஸ் க்ரோமோசோம் தவிர ஒவ்வொரு மார்க்கரும் 1:2:1 கணக்குல (ரெண்டும் ஒரு ஸ்ட்ரெயின், கலப்பு, ரெண்டும் இன்னொரு ஸ்ட்ரெயின்) வருதா, எக்ஸ் க்ரோமோசோம் பாத்தா நீங்க எழுதின ஆண் பெண் ஒத்துப்போகுதான்னு செக் பண்ணுங்க, சாம்பிள் மாறிப்போனது இங்கதான் மாட்டும்.

அனாலிசிஸ்க்கு கார்ல் ப்ரோமன் டீம் பண்ண ஆர்/க்யூடிஎல் சாஃப்ட்வேர் இலவசம். ஸ்கேன் ஓட்டினா க்ரோமோசோம் நெடுக எல்ஓடி ஸ்கோர் வரும், 3ன்னா அங்க க்யூடிஎல் இருக்குங்கற மாடல் இல்லைங்கறதை விட டேட்டாவுக்கு ஆயிரம் மடங்கு நல்லா பொருந்துதுன்னு கணக்கு. ஆனா 3 வந்துச்சுன்னு துள்ளாதீங்க, எலிங்களோட எடையைக் குலுக்கி மாத்தி ஆயிரம் தடவை ஸ்கேன் ஓட்டி, 5 சதவீதம் தடவை மட்டும் தாண்டற அளவு எதுவோ அதையே கட்-ஆஃபா வைங்க. ஆண் பெண்ணை கோவேரியேட்டா (கூடவே கணக்குல எடுத்துக்கற விஷயமா) சேர்க்காம ஓட்டவே ஓட்டாதீங்க.

கட்-ஆஃபைத் தாண்டின எல்ஓடி உச்சி, அதாவது பீக், வந்தாச்சு, ஜீன் வந்துச்சா? இல்ல. தெருப்பேர்தான் கெடச்சிருக்கு, வீட்டு நம்பர் இல்ல. உச்சிலேர்ந்து 1.5 எல்ஓடி எறங்கற வரைக்கும் உள்ள பகுதியை எடுத்தா அதுக்குள்ள நூத்துக்கணக்குல ஜீன் இருக்கும். சுருக்கணும்னா எஃப்2க்கு அப்புறமும் பல தலைமுறை கலந்துகட்டி வளக்கலாம், இல்ல அந்தத் துண்டை மட்டும் இன்னொரு ஸ்ட்ரெயினுக்குள்ள கொண்டு போற காஞ்ஜெனிக் எலி உண்டாக்கலாம். அதுக்கு வழக்கமா 10 தலைமுறை பேக்க்ராஸ் (வர்ற குட்டியைத் திரும்பத் திரும்ப அந்த ஸ்ட்ரெயினோடயே க்ராஸ் பண்றது), மார்க்கர் பாத்துப் பொறுக்கினா பாதில முடியும். அப்பவும் சில சமயம் எடைல வித்தியாசமே காட்டாது, ஏன்னா ஒரு பீக்னு நெனச்சது உள்ள ரெண்டு மூணா உடைஞ்சு ஒண்ணு ஏத்த ஒண்ணு எறக்கன்னு இருக்கலாம். அந்த லைனைத் தூக்கிப் போட்டுடாம துண்டை இன்னும் சின்னதா நறுக்கி ஒவ்வொண்ணையும் தனியா வளத்து எடை போடுங்க.