இரண்டாவது டிகே() எழுதாதீர்கள்: டிகேஇன்டர் விண்டோக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் எழுதித் தருவதுதான் என் பிழைப்பு. இப்போது அதே வேலைக்கு வரும் தம்பி தங்கைகள் பைத்தான் மொழியும், அதில் விண்டோ வரைய உதவும் டிகேஇன்டருமாக வந்து நிற்கிறார்கள். தேர்வில் குறை சொல்ல மாட்டேன். தனியாகக் காசு கட்ட வேண்டாம், கடைக்காரரின் ஓட்டைக் கம்ப்யூட்டரிலும் ஓடும். ஆனால் புரோகிராமைத் திறந்து பார்த்தால், அந்தக் காலத்தில் நாங்கள் அடித்த அதே கூத்து, வரி மாறாமல்.

பட்டனின் கமாண்டில் ஃபங்ஷன் பெயரோடு அடைப்புக்குறியும் சேர்த்துப் போட்டு, யாரும் தொடாமலே விண்டோ திறந்துகொள்வது. பட்டன், பெட்டிகளை இடத்தில் அடுக்கும் பேக், கிரிட் என்ற இரண்டு முறைகளையும் ஒரே ஃபிரேமுக்குள் கலப்பது. இதையெல்லாம் இங்கே விட்டுவிடுகிறேன். ஓடவிட்ட முதல் நிமிடமே மாட்டிக்கொள்ளும். சத்தமே போடாமல் காசைத் தின்னும் தவறுகள்தான் எனக்குப் பயம்.

இரண்டாவது டிகே()

எம்.சி. ரோட்டில் ஒரு மொத்த ஜவுளிக்கடை. தீபாவளி நெருக்கம், கடைக்குள் நிற்க இடமில்லை. அங்கே ஓடியது ஒரு தம்பி எழுதிய பில்லிங். எஃப்4 அழுத்தினால் தள்ளுபடிக்கென்று சின்ன விண்டோ ஒன்று வரும். முதலாளி 5 என்று அடித்து என்டர் தட்டுவார், பில் பிரின்ட் ஆகும். தள்ளுபடி மட்டும் ஏறாது. கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. பொன்னேரியிலிருந்து வந்து 40,000 ரூபாய்க்குச் சேலை எடுத்துப்போன வாடிக்கையாளர், வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்த்துவிட்டு போன் செய்தார். 2,000 ரூபாய் எங்கே?

“இன்னா தம்பி, நான் அஞ்சுன்னு போட்டா உன் மெஷினு சைபர்னு எடுத்துக்குது?”

தம்பி முதலில் ஜிஎஸ்டி கணக்கைச் சந்தேகப்பட்டான். பிறகு ரவுண்டிங். பிறகு பிரின்டர் டிரைவர். கடைசியில் பைத்தானையே எடுத்துவிட்டு மறுபடி போட்டான். ஒன்றும் நடக்கவில்லை. “வீட்ல டெஸ்ட் பண்ணும்போது சரியா வந்துச்சுண்ணே” என்று சத்தியம் வேறு. அவன் சொன்னது பொய்யில்லை. தள்ளுபடி விண்டோவை அவன் தனி ஃபைலாக எழுதி, தனியாகவே ஓடவிட்டுப் பார்த்திருக்கிறான். அப்போது அதில், விண்டோவைத் திறக்கும் டிகே() கட்டளை ஒன்றே ஒன்றுதான். இரண்டு ஃபைலையும் ஒட்டிய அன்றைக்கு அது இரண்டாகிவிட்டது.

நான் எஃப்4 அழுத்திப் பார்த்தேன். தள்ளுபடிப் பெட்டி வெறுமையாகத் திறந்தது. அதில் கட்டியிருந்தது டபுள்வார், அதாவது தசம எண்ணைப் பிடித்துவைக்கும் டிகேஇன்டர் மாறி. திறந்ததுமே 0.0 என்று காட்டியிருக்க வேண்டும். அங்கேயே விஷயம் தெரிந்துவிட்டது. தள்ளுபடி விண்டோவைத் திறக்கும் ஃபங்ஷனின் முதல் வரியே டிகே()தான்.

உள்ளே நடப்பது இதுதான். டிகே என்பது பைத்தானின் சொந்தச் சரக்கு இல்லை. ஜான் ஆஸ்டர்ஹவுட் உருவாக்கிய டிசிஎல் மொழிக்கென்று அவரே செய்த கருவிப்பெட்டி. பைத்தானில் டிகே() என்று எழுதும் ஒவ்வொரு முறையும் ஒரு விண்டோவோடு சேர்த்து ஒரு முழு டிசிஎல் இன்டர்பிரிட்டரும் (அந்த மொழியை ஓட்டும் இயந்திரம்) புதிதாகப் பிறக்கிறது. ஒரே கடைக்கு இரண்டு பேரேடு வைப்பது மாதிரி: ஒன்றில் எழுதியது மற்றொன்றில் இருக்காது. டபுள்வார், ஸ்ட்ரிங்வார் (எழுத்துக்கான மாறி) எதையும் மாஸ்டர், அதாவது எந்த விண்டோவுக்குச் சொந்தம் என்று குறிப்பிடாமல் உருவாக்கினால் அது முதல் டிகேயிடம் போய்ச் சேரும். முதலாளி அடித்த 5 இரண்டாவது இன்டர்பிரிட்டரில் அதே பெயருள்ள வேறொரு மாறியில் உட்கார்ந்துகொள்கிறது. புரோகிராம் கெட்() கேட்பதோ முதலாவதிடம். அது நல்ல பிள்ளையாக 0.0 என்கிறது. எர்ரர் கிடையாது, எச்சரிக்கை கிடையாது. ஸ்ட்ரிங்வாராக இருந்திருந்தால் காலி எழுத்து வந்து, எண்ணாக மாற்றும்போதாவது வெடித்திருக்கும்.

படமாக இருந்தால் தப்பித்தோம். முதல் டிகேயில் ஏற்றிய கடை லோகோவை இரண்டாவதில் காட்டச் சொன்னால், அப்படி ஒரு படமே இல்லை என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடும்.

எனக்கு எரிச்சல் வருவது, இது பார்வைக்கு ஒழுங்காக வேலை செய்வதால்தான். ஒரே திரெடில் (வேலை இழையில்) ஓடும் மெயின்லூப், அதாவது கிளிக்குக்காகக் காத்துச் சுற்றிக்கொண்டே இருக்கும் வரி, எத்தனை டிகே இருந்தாலும் எல்லா விண்டோவின் கிளிக்கையும் கவனித்துக்கொள்ளும். பட்டன் அமுங்கும், பெட்டியில் எழுத வரும். சந்தேகமே வராது. போதாக்குறைக்கு, இரண்டாவது விண்டோவுக்கு என்று இன்னொரு மெயின்லூப்() வேறு போடுகிறார்கள். அந்த விண்டோவை மூடினாலும் அந்த வரி தாண்டாது. மிச்சமிருக்கும் டிகேயும் மூடும்வரை காத்திருக்கும். அதற்குக் கீழே சேமிக்கும் வரியை எழுதியிருந்தால், ராத்திரி கடை சாத்தும்போதுதான் சேமிப்பு நடக்கும்.

மருந்து சின்னதுதான். முதல் விண்டோ மட்டும் டிகே(). மற்றதெல்லாம் அதே டிகேக்குள் துணை விண்டோ திறக்கும் டாப்லெவல்(), அடைப்புக்குறிக்குள் தாய் விண்டோவின் பெயர். மாறிகளுக்கும் மாஸ்டரைக் கையோடு கொடுத்துவிடுங்கள். புரோகிராமின் தலையிலேயே நோடிஃபால்ட்ரூட்() என்று ஒரு வரி போட்டால், மாஸ்டர் கொடுக்க மறந்த இடத்தில் டிகேஇன்டரே எர்ரர் காட்டி நிறுத்தும். இந்த வரி போடாத புரோகிராமை நான் இப்போது வாங்கிப் பார்ப்பதே இல்லை.

லாகின் விண்டோவை டிஸ்ட்ராய் செய்து (அழித்து) முடித்தபின் அடுத்த டிகே() எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதலாம், முதலாவது செத்துவிட்டதே. ஆனால் லாகினில் வாங்கிய பெயரைச் சாதாரண பைத்தான் மாறிக்கு எடுத்துக்கொண்டு பிறகு டிஸ்ட்ராய் செய்யுங்கள். பழைய ஸ்ட்ரிங்வாரைப் புதிய டிகேயின் பெட்டியில் கட்டினால் அந்தப் பெயர் அங்கே வராது.

மறைத்த விண்டோ சாகவில்லை

லாகின் முடிந்ததும் அந்த டிகே விண்டோவை வித்ட்ரா செய்து மறைத்துவிட்டு, பில்லிங் திரையை டாப்லெவலாகத் திறப்பார்கள். ராத்திரி கல்லாவில் இருப்பவர் மூலையில் உள்ள எக்ஸை அழுத்திவிட்டுக் கிளம்புவார். போனது டாப்லெவல் மட்டும். மறைந்திருக்கும் டிகே மெயின்லூப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே கிடக்கும். கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்யாத கடையில் காலையில் இன்னொன்று, மறுநாள் இன்னொன்று. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் வரிசையாகப் பைத்தான். அதில் ஒன்று பாதி எழுதிய எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் ஃபைலைப் பிடித்திருந்தால், டேட்டாபேஸ் பூட்டியிருக்கிறது என்று புதிய பில் நின்றுவிடும்.

டாப்லெவலின் புரோட்டோகாலில், எக்ஸை அழுத்தியதும் வரும் டபிள்யூஎம்_டெலிட்_விண்டோவுக்கு உங்கள் ஃபங்ஷனைக் கட்டுங்கள். அதில் சேமிப்பு, டேட்டாபேஸ் மூடல், கடைசியாக ரூட்டின் (முதல் டிகேயின்) டிஸ்ட்ராய். கட்டிய பிறகு டிஸ்ட்ராயை மறந்தால் எக்ஸ் வேலையே செய்யாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். குவிட்() என்பது மெயின்லூப்பை நிறுத்தும், அவ்வளவுதான், விண்டோவை அழிக்காது.

ஒரே விண்டோ மூன்று தடவை

அவசரத்தில் எஃப்4 இரண்டு மூன்று தடவை அமுங்கத்தான் செய்யும். திறந்த விண்டோவை ஒரு மாறியில் வைத்து, வின்ஃபோ_எக்ஸிஸ்ட்ஸ்() கேட்டுவிட்டு, இருந்தால் லிஃப்ட்() செய்து முன்னால் கொண்டுவாருங்கள். பணம் தொடும் விண்டோ என்றால் டிரான்சியன்ட் (தாய் விண்டோவுக்கு மேலேயே நிற்க), கிராப்_செட் (மற்ற விண்டோக்களைத் தொடவிடாமல் தடுக்க), வெயிட்_விண்டோ (மூடும்வரை காத்திருக்க) மூன்றும் சேர்ந்து வேண்டும். லினக்ஸில் விண்டோ திரையில் தெரிவதற்குள் கிராப்_செட் கூப்பிட்டால் எர்ரர் வரும், முதலில் வெயிட்_விசிபிலிட்டி.

மெசேஜ்பாக்ஸ் பின்னால் ஒளிவது

எந்த விண்டோவுக்கு மேல் வர வேண்டுமோ அதைப் பேரன்டாகக் கொடுங்கள்.

டைம்.ஸ்லீப்

கூடாது, அது முடியும்வரை திரை உறைந்துவிடும். குறித்த நேரம் கழித்து ஃபங்ஷனைக் கூப்பிட ஆஃப்டர்() இருக்கிறது.

காசிமேட்டுப் பக்கம் எடை மெஷினை சீரியல் கேபிளில் இணைப்பவர்களுக்கும் இதேதான். மெஷினிலிருந்து எடை வரும்வரை மெயின் திரெடிலேயே காத்திருந்தால் திரை வெளுத்து ‘நாட் ரெஸ்பாண்டிங்’ ஆகிவிடும். தனி திரெடில் படித்து க்யூவில் (வரிசையில்) போடுங்கள். மெயின் பக்கம் 100 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை ஆஃப்டரில் க்யூவை எட்டிப் பார்க்கட்டும். அந்தத் திரெட் லேபிளையோ என்ட்ரியையோ நேரடியாகத் தொடவே கூடாது.

ஓவர்ரைட்ரீடைரக்ட்

இதைப் போட்டு அழகுக்காகத் தலைப்புப் பட்டையை எடுக்காதீர்கள். விண்டோஸில் டாஸ்க்பாரிலிருந்தும் காணாமல் போகும். மற்றொரு விண்டோவுக்குப் பின்னால் போனால் கடைக்காரர் தேடிக்கொண்டிருப்பார்.

உங்கள் திரை வேறு, கடைத் திரை வேறு

நீங்கள் 1920×1080-ல் எழுதுகிறீர்கள். கல்லா மேஜையில் இருப்பது 1366×768. விண்டோ அளவைச் சொல்லும் ஜியோமெட்ரியில் 900 உயரம் என்று எழுதிவிட்டால் ‘சேவ்’ பட்டன் டாஸ்க்பாருக்குக் கீழே போய்விடும். விண்டோ இருந்த இடத்தைச் சேமித்து மறுநாள் அதே இடத்தில் திறப்பவர்கள், இரண்டாவது மானிட்டரைக் கழற்றிவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். பேக் பயன்படுத்தினால் கீழ் வரிசைப் பட்டன்களை சைட் பாட்டமாக (கீழ்ப்பக்கம் ஒட்டி) முதலில் பேக் செய்யுங்கள், சரக்குப் பட்டியலை அதற்குப் பிறகு. இடம் போதாதபோது கடைசியாக பேக் செய்ததுதான் முதலில் வெட்டுப்படும். பட்டியலில் நாலு வரி குறைந்தால் ஸ்க்ரோல் செய்துகொள்ளலாம்.