"வாடிக்கையாளர்" முழுதாகத் தெரிய வேண்டும்: பழைய டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் படிவத்தைச் சரிசெய்வது

சித்தப்பாவின் விதைக்கடையில் பில் போடும் மென்பொருளை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சி பிளஸ் பிளஸில், டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் என்ற, திரை விண்டோக்களை உருவாக்கும் நிரல் நூலகத்தை வைத்து யாரோ எழுதியது. ஆங்கில லேபிளை எடுத்துவிட்டு "வாடிக்கையாளர் பெயர்" என்று போட்ட அன்று, திரையில் "வாடிக்கையா" வரைதான் தெரிந்தது. எல்லா லேபிளுக்கும் 80 பிக்சல் அகலம் என்று எண்ணாகவே எழுதி வைத்திருந்தார்கள். பெரிய மானிட்டர் வந்ததும் பொருள் பட்டியல் இடது மூலையில் ஒடுங்கி நின்றது.

புதிதாக எழுதுவதென்றால் சைஸர் (உள்ளே இருப்பவற்றுக்கு இடத்தைத் தானே பங்கிடும் கருவி) பயன்படுத்துங்கள். அந்த நூலகமே அதைத்தான் பரிந்துரைக்கிறது. ஆனால் கையில் இருப்பது கன்ஸ்ட்ரெயின்ட் (ஒவ்வொன்றின் விளிம்பும் அளவும் எதைச் சார்ந்து அமையும் என்று சொல்லும் விதி) வைத்து எழுதிய பழைய படிவம் என்றால், அதையே ஒழுங்காக்கலாம்.

முதலில் தாய் பேனலில் (மற்றவற்றை உள்ளே தாங்கும் பலகை) செட்ஆட்டோலேஅவுட்டை ட்ரூ ஆக்குங்கள். விட்டுவிட்டால் விண்டோவை இழுக்கும்போது உள்ளே எதுவும் நகராது. அப்புறம் ஒவ்வொரு சைல்டு விண்டோவுக்கும் (பேனலுக்குள் இருக்கும் லேபிள், பெட்டி, பட்டியல் ஒவ்வொன்றும் ஒரு விண்டோதான்) தனித்தனி கன்ஸ்ட்ரெயின்ட் ஆப்ஜெக்ட் உருவாக்கிக் கொடுங்கள். ஒன்றையே இரண்டு விண்டோவுக்குக் கொடுக்கக் கூடாது. தன்னுடையதை அந்தந்த விண்டோவே அழிக்கும் என்பதால், படிவத்தை மூடும்போது அதே ஆப்ஜெக்ட் இரண்டு முறை அழிக்கப்பட்டு நிரல் விழுந்துவிடும்.

ஒரு விண்டோவைப் பற்றி நான்கு விஷயம் தெரிந்தாக வேண்டும்: இடது எங்கே, மேல் எங்கே, அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு. அகலத்துக்குப் பதில் வலது விளிம்பைச் சொன்னாலும் சரி, கணக்கு தானே வந்துவிடும். நான்கில் ஒன்று குறைந்தாலும் அந்த விண்டோ இடம் பெறாது.

தமிழ் லேபிளுக்கு அகலமும் உயரமும் ஆஸ்இஸ். உருவாக்கும்போது அளவு கொடுக்காமல் விட்டால், எழுத்துக்கு வேண்டிய இடத்தை லேபிள் தானே எடுத்துக்கொள்ளும். ஆஸ்இஸ் என்றால் அதைத் தொடாதே என்று அர்த்தம். எங்கள் படிவத்தில் மூன்று லேபிள்: வாடிக்கையாளர் பெயர், ஊர், பில் எண். முதலாவதுதான் நீளம். அதனால் பெயர்ப் பெட்டியின் இடதுக்கு அந்த லேபிளை வைத்து ரைட்ஆஃப் (அதன் வலப்பக்கத்தில்), இடைவெளி 8. மற்ற இரண்டு பெட்டிகளையும் அவற்றின் லேபிளோடு கட்டாதீர்கள். பெயர்ப் பெட்டியின் இடதோடு சேம்ஆஸ் (அதே இடம்) கொடுங்கள். மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும். இதைச் செய்யாமல் விட்டதால்தான் பல தமிழ்ப் படிவங்கள் படிக்கட்டு மாதிரி தெரிகின்றன.

பொருள் பட்டியல் எளிது. இடது, வலது இரண்டும் பேனலோடு சேம்ஆஸ், மேல் பக்கம் கடைசிப் பெட்டிக்கு பிலோ (கீழே), அடிப்பக்கம் மொத்தத் தொகைக்கு அபோவ் (மேலே). விண்டோ எவ்வளவு விரிந்தாலும் கூடுகிற இடம் பட்டியலுக்கே போகும்.

ஒரு விண்டோவை அதன் தாயோடோ உடன்பிறப்போடோதான் கட்டலாம். வேறு பேனலுக்குள் இருக்கும் பொத்தானோடு கட்டினால் எண்கள் பொருந்தாது. பட்டியல் தொகையைப் பார்க்க, தொகை பட்டியலைப் பார்க்க என்று சுற்றிவிட்டாலும் முடிச்சு அவிழாது. எங்களுடையதில் தொகையின் அடி பேனலின் அடியோடு கட்டியிருக்கிறது. அங்கிருந்து மேலே கணக்கு ஏறுகிறது.

எனக்கு ஒரு மாலை முழுக்கப் பிடித்தது மொத்தத் தொகைதான். அதன் வலது பேனலின் வலதோடு சேம்ஆஸ், அகலம் ஆஸ்இஸ். திறந்தவுடன் சரியாக இருக்கும். தொகை 480-இலிருந்து 12,480 ஆனதும் கடைசி இலக்கங்கள் ஓரத்தில் மறைந்துவிடும். லேபிளின் எழுத்து மாறினால் அது வலப்பக்கமாக விரிகிறது, ஆனால் பேனலின் அளவு மாறாததால் யாரும் மறுபடி கணக்குப் போடுவதில்லை. தொகையை மாற்றும் வரிக்கு அடுத்து, பேனலின் லேஅவுட்டை (இடங்களை மறுபடி கணக்கிடும் செயல்) நீங்களே ஒருமுறை அழையுங்கள். எழுத்துரு அளவை மாற்றும் இடத்திலும் அதே வரி வேண்டும். சித்தப்பா கண்ணாடியை மறந்து வரும் நாட்களில் 14 புள்ளியில் வைத்துத்தான் பில் போடுகிறார்.