ஒழுகும் சீலிங்குக்குப் பட்டி பார்க்காதீர்கள்: சொந்தக் கையால் வீட்டு வேலை செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழை சேர்ந்தாற்போல் சில நாள் பெய்து ஓய்ந்தால் போதும், எங்கள் பகுதியில் இரண்டு வேலைகள் ஒன்றாகத் தொடங்கிவிடும். சிலர் சீலிங்கில் ஊறிய இடத்தைச் சுரண்டிப் பட்டி பார்ப்பார்கள். சிலர் மழை ஈரத்தைக் கண்ட உற்சாகத்தில் மாடியில் செடி வைப்பார்கள். ஆள் வைக்காமல் தாங்களே இறங்கிச் செய்கிறார்கள் என்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் நான் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளை அவர்களும் அதே வரிசையில் செய்வதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. மெயின் சுவிட்சை அணைக்காமல் ஒயரைத் தொடக்கூடாது, ஏணியைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மேலே நுழையும் நீரைக் கீழே அடைப்பது

அதிகம் சொல்ல வேண்டியது இதைப் பற்றித்தான். மற்ற தவறுகளில் ஒரு குழாயோ ஒரு மூட்டை சிமெண்டோ வீணாகும். இதில் வீட்டின் தளமே கெடும்.

பக்கத்துத் தெருவில் ஒரு தம்பி. படுக்கையறை சீலிங்கின் மூலையில் தட்டு அளவுக்கு ஓதம் (ஈரக் கசிவு) படிந்திருந்தது. பெயிண்ட் கடையில் கேட்டிருக்கிறார். ஈரத்தைத் தடுக்கும் பெயிண்ட் என்று ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். உப்பிய இடத்தைச் சுரண்டி, பட்டி வைத்து, உப்புத்தாள் தேய்த்து, இரண்டு கோட் அடித்தார். வேலை சுத்தமாகவே இருந்தது. "அண்ணே, இனிமே வராது" என்றார். மாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "மேல ஒண்ணும் இல்லண்ணே, ஒரு விரிசல்கூட இல்ல" என்றார்.

அடுத்த மழைக்கு ஓதம் அந்த இடத்தில் வரவில்லை. ஓரடி தள்ளி வந்தது. அங்கேயும் பட்டி பார்த்தார். இப்படியே அடுத்தடுத்த மழைக்காலங்களை ஓட்டினார். கடைசியில் ஒருநாள் சீலிங்கின் பூச்சும் அதற்கு மேலிருந்த கான்கிரீட்டும் ஒரு பலகையளவுக்குப் பெயர்ந்து கட்டில் மேல் விழுந்தது. பகல் நேரம், வீட்டில் யாரும் இல்லை. விழுந்த இடத்தில் கம்பி செக்கச்செவேலென்று துரு பிடித்துத் தெரிந்தது. அந்தக் கட்டிலில் குழந்தை தூங்குவது வழக்கம். இப்போது நினைத்தாலும் எனக்குப் பதறுகிறது. அதனால்தான் கீழே நின்றுகொண்டு பட்டி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

நம் ஊரில் பழைய மாடிகளின் அமைப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அடியில் கான்கிரீட் தளம். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த அடுக்கு. அதற்கும் மேலே தட்டோடு, அதாவது தட்டையான ஓடு. தட்டோட்டின் இணைப்பில் கலவை உதிர்ந்தால், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கும். இறங்கிய தண்ணீர் நேராகக் கீழே வராது. நடுவில் இருக்கும் செங்கல் ஜல்லி அதை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு தளத்தின் வாட்டத்தோடு (சரிவோடு) நகர்ந்து, கான்கிரீட்டில் எங்கே ஒரு மெல்லிய விரிசலோ, ஃபேன் கொக்கியோ, ஒயர் போகும் பைப்போ இருக்கிறதோ அங்கே கீழே தலைகாட்டும். ஓதம் தெரியும் இடத்துக்கு நேர் மேலே போய்ப் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று இறங்கி வருவது இதனால்தான். நுழைந்த இடம் பத்தடி தள்ளிக்கூட இருக்கலாம். மழை நின்று ஓரிரு நாள் கழித்துச் சொட்டத் தொடங்குவதற்கும் இதுதான் காரணம்.

இப்போது கீழிருந்து அடைத்தால் என்ன ஆகும்? நீர் வெளியேற வழியில்லாமல் கான்கிரீட்டுக்குள்ளேயே தங்கும். சுண்ணாம்பிலிருந்தும் சிமெண்டிலிருந்தும் அது கரைத்துக்கொண்டு வரும் உப்பு, பட்டிக்குப் பின்னால் பூத்து அதை வெளியே தள்ளும். அதுகூடப் பரவாயில்லை. உள்ளே இருக்கும் கம்பி துரு பிடிக்கும். துரு, அது உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் கிடைக்காதபோது அடியில் இருக்கும் கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். ஓதம் தெரிந்தவரை உங்களுக்கு ஓர் எச்சரிக்கையாவது இருந்தது. பெயிண்ட் அதை மறைத்துவிட்டது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் எப்போது ஒழுகுகிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றாதபோது, மழை இல்லாத பங்குனியிலும் ஈரம் இருந்தால் அது மாடித் தளம் அல்ல. மேல்நிலைத் தொட்டி, அதிலிருந்து இறங்கும் குழாய், மேல்மாடிக் குளியலறை இவற்றில் ஒன்று. மழைக்கு மட்டும் வந்தால் மாடி.

அடுத்தது தண்ணீர் கட்டிப் பார்ப்பது. நல்ல வெயில் காலத்தில், மாடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, களிமண்ணோ மணல் மூட்டையோ வைத்துச் சின்ன வரப்பு போடுங்கள். முதலில் தாழ்வான பகுதி. மழைநீர்க் குழாயின் வாயைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குல உயரம் தண்ணீர் விட்டு, ஒன்றிரண்டு நாள் கீழே கவனியுங்கள். வரவில்லை என்றால் அடுத்த பகுதி. பொறுமை வேண்டிய வேலை. ஆனால் செலவு என்று எதுவும் இல்லை, நுழையும் இடம் எந்தப் பகுதியில் என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். ஏற்கெனவே கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரியும் தளத்தில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். அங்கே முதலில் ஒரு பொறியாளரைக் கூட்டி வந்து காட்டுங்கள்.

நுழையும் இடங்கள் பெரும்பாலும் மூன்றுதான்: கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாய் வாயைச் சுற்றி, தட்டோட்டின் இணைப்புகள். விரிசலில் வெள்ளை சிமெண்டைக் கரைத்து ஊற்றுவது பலருக்கும் பழக்கம். பகல் வெயிலில் தளம் விரியும், இரவில் சுருங்கும். வெள்ளை சிமெண்டுக்கு அந்த நெகிழ்ச்சி கிடையாது. சில மாதத்தில் அதே இடத்தில் மயிரிழை போல விரிசல் விழும். விரிசலை 'வி' வடிவத்தில் கொஞ்சம் அகலப்படுத்தி, தூசியை ஊதி எடுத்துவிட்டு, ரப்பர் போல நெகிழும் பாலியூரித்தேன் சீலன்டால் நிரப்புங்கள். மூலைகளில் கலவையைச் சரிவாக உருட்டிப் பூசிக் காயவிட்டு, அதன் பிறகுதான் தளம் முழுவதற்கும் நீர் புகாத கோட்டிங். அந்த கோட்டிங் கைப்பிடிச் சுவரிலும் ஓரடி உயரம் ஏற வேண்டும். தரையோடு நிறுத்தினால் பயனில்லை. முதல் கோட் கிழக்கு மேற்காக என்றால் இரண்டாவது வடக்கு தெற்காக அடியுங்கள், விட்டுப்போன இடம் மூடிக்கொள்ளும்.

தளம் காய்ந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒன்றரை அடி சதுரத்தில் பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். தாளின் அடியில் நீர் முத்து கட்டியிருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அதன் மேல் அடிக்கும் கோட்டிங் கொப்புளித்துப் பிய்ந்துவரும்.

சீலிங்குக்குப் பட்டி பார்ப்பது இத்தனைக்கும் பிறகு, ஒரு மழைக்காலம் சொட்டாமல் கடந்த பிறகு. மழைக்கு நடுவில் ஒழுகினால் அன்றைக்குச் செய்யக்கூடியது, மழைநீர்க் குழாய் வாயில் சேர்ந்த இலையையும் மண்ணையும் எடுப்பதும், மேலே தார்ப்பாய் விரிப்பதும்தான். லைட் பாயிண்ட் வழியாகச் சொட்டினால் அந்த லைனின் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

அந்தத் தம்பி வீட்டில் கடைசியில் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? செடிப் பைகள். அதனால்தான் தோட்டத்துக்கு வருகிறேன்.

செடிப் பையைத் தரையில் அப்படியே வைப்பது

கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையாகக் கத்தரி, தக்காளி, வெண்டைப் பைகளை அடுக்கியிருந்தார். பார்க்க அழகு. ஆனால் தண்ணீர் ஓட வேண்டிய வாட்டத்துக்குக் குறுக்கே அவை ஓர் அணைபோல நின்றன. ஊற்றும் தண்ணீரும் மழைத் தண்ணீரும் மூலையிலேயே தேங்கின. பையின் அடியில் தட்டோடு வருடம் முழுக்கக் காயவே இல்லை. பைகளை நகர்த்தியபோது இணைப்புக் கலவை சகதியாகக் கையோடு வந்தது.

பைக்கு அடியில் செங்கல்லோ இரும்பு ஸ்டாண்டோ வையுங்கள், காற்று போக வேண்டும். சுவரிலிருந்து ஓரடி தள்ளியே வையுங்கள். அந்த ஓரடி இருந்தால்தான் பெருக்கவும் முடியும், விரிசல் விட்டால் கண்ணில் படவும் செய்யும். பையின் ஓட்டை வழியே மண் கரைந்து போகாமல் அடியில் தேங்காய் நாரைப் பரப்புங்கள். அந்த மண்தான் கடைசியில் மழைநீர்க் குழாயை அடைக்கிறது. பாலித்தீன் தாள் விரித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். தாளுக்கு அடியில் இறங்கிய தண்ணீர் வெயிலே படாமல் நிற்கும்.

மண்ணின் கனத்தை மறப்பது

தோட்டக்கலைத் துறையின் மாடித் தோட்டத் தளைகளில், அதாவது கிட்களில், தென்னை நார்க்கழிவுக் கட்டி வருவது எதற்கு என்று பலர் யோசிப்பதில்லை. செம்மண் மலிவு என்று அதையே முழுக்க நிரப்புகிறார்கள். சிலர் செங்கல் வைத்துப் பாத்தியே கட்டிவிடுகிறார்கள். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 குறிப்பிடும் பாரம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. அதே ஒரு சதுர மீட்டரில் ஓரடி உயரத்துக்கு நனைந்த மண் போட்டால் 500 கிலோவை ஒட்டி வரும். கணக்கு அவ்வளவுதான். மண் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. பெரிய தொட்டிகளைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ பீமோ போகும் கோட்டின் மேல் வையுங்கள்.

சுவரில் முளைத்த அரசங்கன்றை வெட்டிவிடுவது

வெட்டினால் போகாது, மறுபடி துளிர்க்கும், வேர் உள்ளே பருத்துக்கொண்டே இருக்கும். கன்று விரல் அளவு இருக்கும்போதே பூச்சைக் கொத்தி வேரோடு எடுத்து, அந்தப் பள்ளத்தை அன்றே அடையுங்கள்.

இறுகிய கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றுவது

கொட்டிவிடுங்கள். கொஞ்சமாகக் கலந்து பழகுங்கள்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே துளை போடுவது

ஒயர் அங்கேதான் போகிறது.

வெந்நீர் லைனுக்கு வெள்ளைக் குழாய்

ஹீட்டரிலிருந்து வரும் லைனில் யுபிவிசி போட்டால் சூட்டில் இளகித் தொய்யும். மஞ்சள் கலந்த நிறத்தில் வரும் சிபிவிசி கேட்டு வாங்குங்கள். ஒட்டும் பசையும் அதற்கென்று தனி. மீதி இருக்கிறதே என்று பழைய டப்பாவிலிருந்து தடவாதீர்கள்.

காலம் பார்க்காமல் தொடங்குவது

தளத்து வேலைக்குச் சரியான மாதம் சித்திரை. தைப்பட்டத்தில் விதைத்தவை காய்த்து முடிந்து பைகள் காலியாகியிருக்கும், அவற்றை ஒரு பக்கம் ஒதுக்குவது சுலபம். தண்ணீர் கட்டிப் பார்க்க, காயவிட, கோட்டிங் அடிக்க வெயிலும் கிடைக்கும். புதிதாகப் பூசிய சிமெண்ட் கலவையின் மேல் உடனே கோட்டிங் அடிக்க முடியாது, டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளி விட வேண்டும், அது வாரக்கணக்கில் ஆகும். அதையும் சேர்த்துக் கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். ஆடிப்பட்டத்துக்கு முன்பாகப் பைகளைச் செங்கல் மேல் ஏற்றி விதை போட்டுவிடலாம்.